கால் வைக்காமல் எடுத்த படம்

அடிஸ் அபாபாவில் விமானம் இறங்கியதும் அப்பாவுக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான்தான். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அங்கன மழை உண்டா?”

“கொட்டுதுப்பா. வெளிய தலை காட்ட முடியல.”

“கொட்டட்டும், கொட்டட்டும்” என்றார். எத்தியோப்பியாவில் பெய்த மழைக்குக் கோவில்பட்டியில் ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். கரிசல்காரர்களுக்கு யார் ஊரில் பெய்தாலும் மழை மழைதான்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்னும் மூக்கில் வறுபடும் காப்பிக்கொட்டை வாசம்தான் முதலில் வருகிறது, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

நான் வேளாண்மையில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தேன். வானிலை மாறிக்கொண்டே போனால் யார் முதலில் அடிபடுவார்கள், அடிபட்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள் என்று கண்டறிவதுதான் என் ஆய்வு. அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னபோது அவள் சிரித்தாள். “அதுக்கு ஏன் பிளேன் ஏறணும்? எங்க தீப்பெட்டி ஆபீஸு வாசல்ல சாயங்காலம் நின்னு கேளு. வெளிய வார அத்தனை பேரும் காட்டைப் போட்டுட்டு வந்தவதான்.” எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றும் விளைநிலத்தைக் காடு என்றும்தான் சொல்வோம். எங்களுக்கும் பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு காடு உண்டு. மழை பொய்த்து, மக்காச்சோளத்தில் புழு விழுந்து, மிச்சத்தைக் காட்டுப்பன்றி உழுதுபோட்ட ஒரு வருஷத்தோடு அப்பா அதில் விதைப்பதை நிறுத்திவிட்டார். வீட்டைக் கோவில்பட்டிக்கு மாற்றினோம். அப்பா கயத்தாறு பக்கம் ஒரு சோலார் பண்ணையில் காவலுக்குப் போனார். நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது.

எத்தியோப்பியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கேயும் கரிசல் மண் இருப்பது. புத்தகத்தில் மண் வரைபடத்தைப் பார்த்தபோதே எனக்கு ஒரு தெனாவட்டு வந்துவிட்டது. இந்த மண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்தத் தெனாவட்டுதான் பின்னால் என்னைத் தலைகுனிய வைத்தது.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் பொசுக்கும் என்று அப்பா தொப்பி வாங்கிக் கொடுத்திருந்தார். இறங்கிய இடத்தில் குளிரில் பல் தந்தி அடித்தது. ஆடி மாதக் கடைசி. எங்கள் ஊரில் காற்று புழுதியை வாரிக் கண்ணில் போடும் காலம். இங்கோ மேட்டு நிலமெங்கும் மழை, மேகம், ஸ்வெட்டர். பெட்டியில் இருந்ததெல்லாம் பருத்திச் சுடிதார். மொழிபெயர்ப்புக்காக எங்கள் ஆய்வுக் குழுவோடு சேர்ந்த தாவித் என்ற உள்ளூர் மாணவன் என்னைப் பார்த்துவிட்டு, அவன் அம்மாவின் கெட்டியான பருத்திப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மாதம் முழுக்க அதற்குள்தான் வாழ்ந்தேன்.

மறுநாளே முதல் கூத்து. “நாளைக்கு இரண்டு மணிக்கு வண்டி வரும்” என்று தாவித் சொல்லியிருந்தான். மதியம் வரை தூங்கி, குளித்து, இரண்டு மணிக்கு டிப்டாப்பாக வாசலில் நின்றேன். வண்டி காலை எட்டு மணிக்கே வந்து, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது. அந்த ஊரில் விடியலில் இருந்து மணி எண்ணுகிறார்கள். நமக்கு ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒன்று. எட்டு என்றால் இரண்டு. ஆறு மணி நேரம் பிந்தித்தான் நான் வாசலுக்கு வந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் சூரியன் உதிக்கும்போது நாள் தொடங்குவதுதான் நியாயம், நடுராத்திரியில் தேதியை மாற்றும் நாம்தான் விசித்திரம்.

தவறவிட்ட வண்டிக்குப் பதிலாக ஒரு மினி பஸ்ஸில், நாங்கள் தங்கவேண்டிய டவுனுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன் கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரை நீட்டி முழக்கிக் கூவினார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ‘சாத்தூர் சாத்தூர்’ என்று கூவுவது அப்படியே கேட்டது. பக்கத்து இருக்கையில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். நான் இந்தியா என்று தெரிந்ததும் ஆங்கிலத்தில், “பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்தியர். நன்றாக அடிப்பார்” என்றார். மன்னிப்புக் கேட்பதா, பெருமைப்படுவதா என்று தெரியாமல் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கடித்துவிட்டு, “இதை அவர் தந்ததே இல்லை” என்றார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. இஞ்சேரா என்று ஒன்று. தாம்பாளம் அகலத்துக்கு, புளித்த மாவில் ஊற்றிய தோசை, ஒரு பக்கம் மட்டும் வெந்து, மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். முதல்நாள் அதைத் தட்டில் விரித்தபோது கை துடைக்கும் துணி என்று நினைத்து ஓரமாக மடித்து வைத்தேன். தாவித் சிரிப்பை அடக்க இருமினான். அதன்மேல் ஊற்றும் ஷிரோ என்ற குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டைக்கடலை மாவு, வெங்காயம், மிளகாய்த்தூள். சாம்பாருக்குப் பருப்பு இல்லாத நாட்களில் அம்மா அவசரத்துக்குக் கிண்டும் பாம்பே சட்னியின் அக்கா அது. அந்த மாதம் அவர்களுக்கு விரதம் வேறு. கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. எங்கே போனாலும் பருப்பும் கீரையும்தான். எனக்கு வீட்டுக்கே வந்தமாதிரி இருந்தது. என்னோடு வந்த பேராசிரியை மார்த்தாதான் பாலில்லாத காப்பியைக் குடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். அவர் ஐரோப்பாக்காரர், நல்ல மனுஷி, எதற்கும் ஒரு அட்டவணை வைத்திருப்பவர்.

மூன்றாம் நாள் கிராமத்துக்குப் போனோம். தார்ச்சாலை முடிந்து வண்டி இடப்பக்கம் இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. நனைந்து மின்னும் கறுப்பு. வண்டி நூறு அடி போவதற்குள் சக்கரத்தில் மண் அப்பி, சக்கரம் உருளாமல் வழுக்கத் தொடங்கியது. டிரைவர் விடாமல் மிதித்தார். “மிதிக்காதீங்க அண்ணாச்சி, இன்னும் உள்ள போவும்!” என்று என்னை அறியாமல் தமிழிலேயே கத்தினேன். கரிசலில் மழை பெய்த அன்றைக்கு வண்டியை இறக்கினால் வண்டிதான் நம்மை ஏற்றிக்கொண்டு நிற்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மார்த்தா இறங்கி நாலடி நடந்தார். ஒவ்வொரு பூட்ஸும் குடம் அளவுக்குக் கனத்துவிட்டது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினேன். விரலிடுக்கில் சேறு பிதுங்கி வந்தது. அந்தக் குளுமையும் அந்த வாசமும்! பசுவந்தனையில் அப்பா விதைக்கிற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு நேரே காட்டுக்குப் போய் இதே சேற்றில் நின்றிருக்கிறேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. மார்த்தா பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

அன்று மாலையே டவுனுக்குத் திரும்பி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்றை மார்த்தா எனக்கும் வாங்கிக் கொடுத்தார். வெறுங்காலில் நடந்தால் காயம் படும், ஆய்வு விதிகளில் அதற்கு இடமில்லை என்றார். புதுப் பூட்ஸ். மஞ்சள் நிறம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வேலை இதுதான். வீடு வீடாகப் போய், எத்தனை பேர், என்ன பயிர், கிணறு உண்டா என்று டேப்லெட்டில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். நிலத்தைப் படம் எடுக்க வேண்டும். ‘நிலத்தின் நிலை’ என்ற இடத்தில் மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்: விதைத்தது, தரிசு, கைவிடப்பட்டது. ஊர் அலுவலகமும் அந்தப் பட்டியலைக் கேட்டிருந்தது. கொண்டைக்கடலை விதை யார் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய அது உதவும் என்றார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் தாவித் காய்ச்சலில் படுத்துவிட்டான். அடைமழை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு, அஸ்தேர் என்ற பெண்ணுடையது. கணவர் இறந்து இரண்டு வருஷம், பெண் குழந்தைகள் இரண்டு என்று முன்பே குறித்து வைத்திருந்தோம். நானே போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். வீடு பூட்டிக் கிடந்தது. கேட்பதற்கு வெளியில் ஒரு ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் அவள் நிலம். தண்ணீர் தேங்கி, திட்டுத் திட்டாகப் புல் முளைத்து, ஒரு பயிர்கூட இல்லாமல் கிடந்தது.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் மழைக்குக் காத்திருந்து விதைக்கிறவர்கள் இல்லை. புரட்டாசியில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோதே, காய்ந்த புழுதியில் உளுந்தையும் கம்பையும் விதைத்துவிடுவோம். மழை விழுந்த பிறகு கரிசலுக்குள் இறங்க முடியாதல்லவா? விதை மண்ணுக்குள் படுத்துக்கிடக்கும். மழை வந்ததும் எழுந்துவிடும். அதனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு நிலம் வெறுமையாகக் கிடந்தால், எங்கள் கண்ணுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டார் போய்விட்டார்கள். திருப்பூருக்கோ, சென்னைக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ. எங்கள் வீடு போனது மாதிரி.

பூட்டிய கதவையும் வெறும் நிலத்தையும் சேர்த்துப் பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வரப்பில் நின்றபடி படம் எடுத்தேன். பூட்ஸ் அழுக்காகக் கூடாதென்று உள்ளே இறங்கவும் இல்லை. ‘கைவிடப்பட்டது’ என்பதைத் தொட்டேன்.

அன்றைக்கு மார்த்தா அந்தப் படத்தைப் பார்த்து, “அருமையான படம்” என்று பாராட்டினார். பூட்டு, மழை, வெறும் நிலம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் விழுந்திருந்தது. எனக்கும் பெருமைதான்.

அந்த வாரம் அப்பா போனில் மழையைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் இழுத்தார்.

“ஏட்டி, சோலார் கம்பெனிக்காரவிய நம்ம காட்டைக் குத்தகைக்குக் கேக்காவ. சும்மாதான கெடக்குங்காவ. ஒன் கையெழுத்தும் வேணுமாம். வந்து போடுதியா?”

“நீங்க என்ன நினைக்கீங்கப்பா?”

“நான் என்னத்த நினைக்க? நான்தான் அவிய பண்ணையிலேயே காவல் இருக்கேனே. நம்ம காட்டுல கண்ணாடி வந்தா அதையும் காவல் காத்துக்கிடலாம்.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம். காலையில் தங்கும் விடுதியின் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை கறுப்புச் சேறு. மழையில் இரண்டு மணி நேரம் நடந்து வந்தவள். தாவிதைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் ஆங்கிலத்தில்தான் எனக்குச் சொன்னான். ஆனால் அங்கே கேட்டதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது. அப்படியேதான் எழுதுகிறேன்.

“நான் ஊரை விட்டுப் போயிட்டேன்னு எழுதினது யாரு? நீயா?”

அஸ்தேர். பக்கத்து ஊரில் ஒரு சாவு, அந்தத் துட்டி வீட்டுக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்குள் நான் படம் எடுத்தாயிற்று. ஊர்க் கூட்டத்தில் பட்டியலை வாசித்தாயிற்று. அவள் பெயருக்கு நேரே கைவிடப்பட்டது என்று இருந்திருக்கிறது. அந்த நாட்டில் நிலம் அரசாங்கத்துடையது. உழுகிற உரிமைதான் குடும்பத்துக்கு. விட்டுப் போன நிலத்தை அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அவள் கொழுந்தன் மறுநாளே அலுவலகத்துக்குப் போய் அந்த நிலத்தைத் தனக்குக் கேட்டுவிட்டான்.

“நிலம் வெறுமையா கெடந்துச்சே?” என்றேன். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

“மழைக்குள்ள யாரு விதைப்பா? இந்த மண்ணுல இப்பப் போட்டா அழுகிப் போவும். ரெண்டு தடவை உழுது போட்டிருக்கேன். மழை நின்ன பொறவு, ஈரம் இருக்கும்போதே கொண்டைக்கடலை போடணும். உனக்கு மண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாதா?”

நான் கரிசல்காரி என்று எந்த வாயால் சொல்வது? அங்கே மழை எங்கள் ஊரைப்போலப் பத்துப் பதினைந்து நாளில் முடிகிற மழை இல்லை. மாதக்கணக்கில் பெய்யும். அது ஓயும்வரை கடலை நிலம் வெறுமையாகத்தான் கிடக்கும். புத்தகத்திலும் இது இருந்தது. ஒருமுறைக்கு இரண்டு முறை படித்திருக்கிறேன். கண் அதைப் பார்த்தபோது புத்தகம் ஞாபகத்துக்கு வரவில்லை, எங்கள் வீட்டுப் பூட்டுதான் வந்தது.

மார்த்தாவிடம் ஓடினேன். “உடனே தரவைத் திருத்திவிடுவோம். அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்புகிறேன்” என்றார். தாவித் மறுத்துத் தலையை ஆட்டினான். “கூட்டத்துல வாயால வாசிச்சதைக் கூட்டத்துல வாயாலதான் திரும்ப எடுக்கணும். எழுதினவங்களே எடுக்கணும். மெயில் அனுப்பினா யாரும் ஏத்துக்க மாட்டாங்க.” அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்த பிறகு. அந்த நான்கு நாளும் எனக்கு இஞ்சேரா இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய அத்தி மரத்தடியில் கூடினார்கள். வெள்ளைத் துணி போர்த்திய ஆண்களும் பெண்களும். அஸ்தேர் தன் இரண்டு பெண்களோடு ஓரமாக நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் எழுந்து, “நான் எழுதினது தப்பு. கேக்காம எழுதிட்டேன்” என்றேன். தாவித் அதை அவர்கள் மொழியில் சொன்னான். ஒரு சலசலப்பு.

கொழுந்தன் எழுந்தான். சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் பேசினான். “அன்னைக்கு எழுதினா. இன்னைக்கு அழிக்கா. அவ வந்து அழுதிருப்பா, இந்தப் பிள்ளை எரக்கப்பட்டிருக்கும். படத்துல நெலம் தரிசாத்தான தெரியுது? உழுத தடம் எங்க?”

பட்டியல் வைத்திருந்த ஊர் அலுவலர் என்னைப் பார்த்தார். “ஏன் அப்படி எழுதின?”

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். மழைக்கு முன்னால் புழுதியில் விதைப்போம் என்றதும் கூட்டம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“மழை வராட்டா?”

“எறும்பு தூக்கிட்டுப் போயிரும். மறுபடியும் விதைப்போம்.”

“அப்பவும் வராட்டா?”

“அப்ப காட்டைப் போட்டுட்டு வேற வேலைக்குப் போயிருவோம். எங்கப்பா அப்படித்தான் போனாவ. அதான் இதைப் பார்த்ததும் எனக்கு அப்படித் தோணிருச்சு” என்றேன். தாவித் அதை மெதுவாகச் சொன்னான். சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆனால் அதனால் மட்டும் காரியம் ஆகவில்லை. உழுதாளா இல்லையா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் தெரியாதது காலுக்குத் தெரியும். கரிசலில் மழை அடித்தால் உழவுத் தடமெல்லாம் கரைந்து மூடிக்கொள்ளும், மேலே பார்த்தால் தரிசும் உழுததும் ஒன்றுபோல இருக்கும். காலை வைத்தால் தெரிந்துவிடும். உழாத மண் குதிகால் அளவுக்குத்தான் இறங்கும். உழுத மண் ஆளை உள்ளே இழுக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காட்டில் ஓடித் திரிந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே ஒரு காலை அன்றைக்கு நான் அந்த நிலத்துக்குள் வைத்திருந்தால் போதும்.

“வாங்க, நிலத்துக்குப் போவோம்” என்றேன்.

கூட்டமே கிளம்பி வந்தது. வரப்பில் வரிசையாக நின்றார்கள். நான் மஞ்சள் பூட்ஸைக் கழற்றி மார்த்தாவின் கையில் கொடுத்தேன். விதியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. முதலில் வரப்போரம், உழாத இடத்தில் கால் வைத்தேன். குதிகால் அளவுதான் புதைந்தது. அங்கிருந்து ஓரடி தள்ளி அஸ்தேரின் நிலத்துக்குள் வைத்தேன். கால் கெண்டைச்சதை தாண்டி உள்ளே போயிற்று. இழுத்தால் வரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, சுடிதாரெல்லாம் சேறாகி நின்றேன். கூட்டம் மறுபடியும் சிரித்தது. பட்டியல்காரர் தன் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் ஒரு கால் வைத்துப் பார்த்தார். வேறு மூன்று பேர் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர் கொழுந்தனைப் பார்த்து, “நீயும் வை” என்றார். அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு திரும்பி நடந்து போய்விட்டான்.

அங்கேயே தாளில் எழுதினோம். தாவித் அவர்கள் எழுத்தில் எழுதினான். சாட்சிக்கு மூன்று பேர் கைநாட்டு. கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன், எனக்கு எப்போதும் அதுதான் கையெழுத்து. அந்த எழுத்தைப் பார்க்கத் தாள் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஏதோ ஒரு எத்தியோப்பியக் கிராமத்துப் பீரோவில் அந்தத் தாள் இன்னும் இருக்கும்.

அஸ்தேர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? “வீட்டுக்கு வா, காப்பி போடுறேன்” என்றாள். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பினாள். கொட்டையைப் பச்சையாகக் கழுவி, கரி அடுப்பில் வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே நீட்டினாள். வாசம் பிடிக்க வேண்டுமாம். இடித்து, கொதிக்கவைத்து, மூன்று சுற்று. கூடவே ஒரு தட்டு சோளப்பொரி. எங்கள் பக்கம் மக்காச்சோளம் மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்குப் போவதைச் சொன்னேன். அவளால் நம்பவே முடியவில்லை. சாப்பிடும்போது இஞ்சேராவைக் கிழித்து ஷிரோவில் புரட்டி உருட்டி, என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். அங்கே அது மரியாதை. மறுக்கக் கூடாது. நான் வாயைத் திறந்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கிய பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. அன்றைக்கு அழுதேன், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. “அய்ஸோஷ்” என்றாள். தைரியமாக இரு என்று அர்த்தம்.

பிறகு கேட்டாள், “உங்க நெலத்துல இப்ப என்ன இருக்கு?”

“முள்ளு.”

“ஆளுக இருக்கீகளா?”

“இருக்கோம்.”

“அப்பொறம் என்ன?” என்று காப்பிக் குவளைகளைக் கழுவப் போய்விட்டாள்.

கிளம்புகிற அன்று ஒரு துணியில் கொண்டைக்கடலை முடிந்து கொண்டுவந்தாள். உங்கள் நிலத்தில் போடு என்றாள். விதையை நாடு விட்டு நாடு அப்படிக் கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று விளக்கினேன். அவளுக்கு அது அற்பமான சட்டமாகப் பட்டிருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்து, அத்தனையையும் வறுத்து, உப்புப் போட்டு, மறுபடியும் முடிந்து கொடுத்தாள். பதிலுக்கு என்னிடம் மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலங்களை அவள் பெண்களுக்குக் கொடுத்தேன். வண்டி திரும்பும்போது பார்த்தேன், சின்னவள் காகிதத்தோடு கடித்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியபோது புரட்டாசி பிறந்திருந்தது. குத்தகைக் காகிதம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பாவிடம் எல்லாக் கதையும் சொன்னேன். வறுகடலையைக் கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “நல்ல கடலையா இருக்கே. இதைப் போயி வறுத்துட்டு வந்திருக்கியே ஏட்டி” என்றார். காகிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஒரு வாரம் போய், இரண்டாவது மழை பெய்த மறுநாள், “வா, காட்டைப் பாத்துட்டு வருவோம்” என்று அவரே பைக்கை எடுத்தார். பக்கத்து நிலங்களில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. நடுவில் எங்கள் நிலம், ஆள் உயரத்துக்குக் கருவேலம். ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண் எங்கள் நிலத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் வெள்ளை ஷூ. வேளாண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டாம். பயிர்க் கணக்கெடுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

“யாருமே இல்லைக்கா. அதான் ஆளில்லாத நெலம்னு குறிச்சுட்டேன்” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, முள்ளைக் காலால் ஒதுக்கி, நிலத்துக்குள் இறங்கிவிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு. அவர் கால் குதிகால் அளவுக்குத்தான் புதைந்தது. அதைக் குனிந்து பார்த்தார்.

“ஆளு இருக்கு தாயி. அதை அழிச்சிரு.”

“அப்ப என்ன போடட்டும் தாத்தா?”

“தரிசுன்னு போடு. உள்ளதைத்தான போடணும்.” தன் பெயரை இனிஷியலோடு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் குறித்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“வார வருசம் நீயே வா. வந்து, அந்தச் சூவைக் கழத்திட்டு உள்ள காலை வச்சுப் பாரு.”